“நன்றாக இருக்கிறேன்” என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பது சரியா?

ஓடைக்கரை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். முதுகலைப் படிப்புக்காக நாடு விட்டு வந்து பதினோரு வாரங்கள் ஆகின்றன. இதுவரை இங்கே வாசித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

வந்த முதல் மூன்று வாரங்கள் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. அறைச் சாவி, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, பாடப் பதிவு என்று தினமும் ஏதாவது ஒரு வரிசையில் நின்றேன். வேலைகள் எல்லாம் முடிந்த பிறகுதான் கனம் தெரிந்தது. ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதியின் பொதுச் சமையலறையில் பக்கத்து அறைப் பெண் தன் தாயோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் மொழியில் ஒரு சொல்கூட எனக்குப் புரியாது. ஆனால் இடையிடையே அவள் “ம்… ம்…” என்று கொட்டிய தொனி, நான் அம்மா பேசும்போது கொட்டும் அதே தொனி. கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அம்மா தினமும் அழைப்பார். எனக்கு நள்ளிரவு, அவருக்கு விடியற்காலை. “எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டு முடிப்பதற்குள் “நன்றாக இருக்கிறேன் அம்மா” என்று சொல்லிவிடுவேன். மடிக்காத போர்வையும் குவிந்து கிடக்கும் துணிகளும் தெரியாதபடி கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்வேன். போன மாதம் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தபோது, இணையம் சரியில்லை என்று சொல்லி அழைப்பையே தவிர்த்துவிட்டேன்.

இப்போது எழுதக் காரணம் வேறு. மூன்று நாள்களுக்கு முன் தம்பி வாய் தவறிச் சொல்லிவிட்டான்: அப்பா மாடிப்படியில் வழுக்கி விழுந்து, கணுக்காலில் மாவுக்கட்டுப் போட்டு இருபது நாள் ஆகிறதாம். அந்த இருபது நாளும் அப்பா உட்கார்ந்தபடியே, மார்புக்கு மேல் மட்டும் தெரிகிற மாதிரி என்னிடம் பேசியிருக்கிறார். நான் சுவரைக் காட்டினேன், அவர் சட்டைக் காலரைக் காட்டினார். தினமும் பேசியும் இருவருக்குமே மற்றவரின் நிலை தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் அவர்கள் அங்கே உறக்கம் இல்லாமல் தவிப்பார்கள். சொல்லாவிட்டால் இப்படியே போகும். நீங்கள் என்ன செய்தீர்கள்? இந்த வலி எப்போது குறையும்?

நெடுவழி:

வாருங்கள் சகோதரி. நான் முனைவர் பட்டத்துக்காக வந்து நான்காம் ஆண்டு. உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வலிக்கு மருத்துவ நூல்களில் ஒரு பழைய வரலாறு உண்டு. 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் இதை ஒரு நோயாகவே எழுதினார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயரிட்டார். இந்த நோயைப் படைவீரர்களோடு சேர்த்தே பலரும் பேசுவார்கள். ஆனால் ஹோஃபர் விவரித்தவர்களில் ஒருவர், பெர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த மாணவர். சோகம், காய்ச்சல், படபடப்பு என்று படுத்த படுக்கையாகி, பிழைக்கமாட்டார் என்று கருதப்பட்ட நிலையில் ஊருக்கு அனுப்பினார்கள். வீட்டை அடையும் முன்பே, வழியிலேயே தேறத் தொடங்கிவிட்டார். இரண்டு நகரங்களுக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர்தான்! நான் முதலாம் ஆண்டில் இதைப் படித்தபோது பெரிய ஆறுதலாக இருந்தது. 100 கிலோமீட்டருக்கே ஒருவர் படுக்கையில் விழுந்திருக்கிறார் என்றால், கடல் தாண்டி வந்த நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எப்போது குறையும் என்பதற்கு, பல்கலைக்கழக வரவேற்பு நிகழ்ச்சிகளில் ஒரு வளைகோட்டைக் காட்டுவார்கள். முதலில் உற்சாகம், பிறகு பள்ளம், பிறகு மேடு. அமெரிக்காவுக்குச் சென்று திரும்பிய நார்வே நாட்டு உதவித்தொகையாளர்கள் 200 பேரை ஆராய்ந்து ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது அது. ஆறு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை தங்கியவர்கள்தான் மிகுதியாகத் திணறியிருந்தார்கள் என்பது அவர் கண்டது. ஆனால் அதை ஜாதகம்போல் நம்பிவிடாதீர்கள். 1998இல் காலீன் வார்டும் உடன் ஆய்வாளர்களும் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, வந்து இறங்கிய நாள்களில்தான் சிரமம் உச்சத்தில் இருந்தது, பிறகு படிப்படியாகக் குறைந்தது. அந்த வளைகோட்டை நம்பி நானே ஒரு தவறு செய்தேன். “பள்ளம் இன்னும் வரவில்லை, இனிமேல்தான் வரும்” என்று ஒவ்வொரு மாதமும் பயந்துகொண்டே இருந்தேன். அந்தப் பயத்திலேயே நல்ல நாள்கள் பல வீணாயின.

கல்மரம்:

கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன், தினசரி அழைப்பை நிறுத்துங்கள். வாரம் ஒரு முறை போதும்.

என் முதலாம் ஆண்டில் உடல் மட்டும்தான் இங்கே இருந்தது. எங்கள் வீட்டுக்கு அன்று யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், யாருக்குத் திருமணப் பேச்சு நடக்கிறது எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எதிர் அறையில் எட்டு மாதம் இருந்தவரின் பெயர் தெரியாது. வீட்டின் நேரத்தில் வாழ்ந்தேன், இங்கே பகலில் தூங்கினேன். பருவத் தேர்வில் இரண்டு பாடங்கள் போயின.

அடுத்தது, உண்மையைச் சொல்வது. சொல்லி என்ன ஆகப்போகிறது? நம்மை அனுப்புவதற்காக அவர்கள் கடன் வாங்கியிருக்கிறார்கள், உறவினர்களின் கேள்விகளைத் தாங்கியிருக்கிறார்கள். “எனக்கு இங்கே பிடிக்கவில்லை” என்று சொன்னால் அவர்களால் அங்கிருந்து என்ன செய்ய முடியும்? கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நம் சுமையில் பாதியை இறக்கி அவர்கள் தலையில் வைப்பதற்குப் பெயர் நேர்மை என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் அப்பா கால் அடிபட்டதை மறைத்ததும் இந்த நியாயத்தினால்தான். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

தாழ்வாரம்:

நான் மாணவி இல்லை. என் மகன் வெளிநாட்டில் படிக்கிறான், இது மூன்றாம் ஆண்டு. அவன் உலகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் இங்கே வந்து பதிவுகளை வாசித்துக்கொண்டிருந்தேன். ஓடைக்கரை எழுதியதைப் பார்த்த பிறகு பேசாமல் போக முடியவில்லை.

மகளே, நீ “நன்றாக இருக்கிறேன்” என்று சொல்லும் வேகத்திலேயே உன் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நன்றாக இருக்கிற பிள்ளை அப்படிச் சொல்லாது. “ஐயோ அம்மா, இன்றைக்கு என்ன ஆயிற்று தெரியுமா?” என்றுதான் தொடங்கும்.

நீங்கள் சொல்லாதபோது நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? கைப்பேசியில் என் ஊர் வானிலையைப் பார்ப்பதை விட்டு மூன்று ஆண்டு ஆகிறது, அவன் ஊர் வானிலையைத்தான் பார்க்கிறேன். அவன் கடைசியாக இணையத்துக்கு வந்த நேரத்தைப் பார்த்து, அங்கே அது எத்தனை மணி என்று விரலால் எண்ணுவேன். விடியற்காலை மூன்று மணி என்று வந்தால், ஏன் இந்த நேரத்தில் விழித்திருக்கிறான் என்று அன்று முழுவதும் அதே நினைப்பு. உடம்பு சரியில்லையா, யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா, பணம் இல்லையா என்று ஒவ்வொன்றாக நானே கற்பனை செய்துகொள்வேன். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் அவன், “அம்மா, ஒரு பாடத்தில் தோற்றுவிட்டேன். ஒரு மாதமாக யாரோடும் சரியாகப் பேசவில்லை” என்றான். அன்று இரவு அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் அழுது முடித்துத் தூங்கினேன். பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கிய இரவு அது. நான் நினைத்துவைத்திருந்த பத்துப் பயங்களில் ஒன்பது பொய் என்று ஆகிவிட்டதே!

கல்மரம் தம்பி, நீ உன் பெற்றோர்மேல் வைத்திருக்கும் அன்பு புரிகிறது. ஆனால் “அவர்களால் என்ன செய்ய முடியும்?” என்று கேட்டாயே, அது கொஞ்சம் வலித்தது. எங்களால் கேட்க முடியும். பிள்ளை தூரத்தில் இருக்கும்போது எங்களுக்கு மிச்சம் இருக்கும் ஒரே வேலை அதுதான். அதையும் எடுத்துவிட்டால் மாதா மாதம் பணம் அனுப்புகிற இடமாக மட்டும் நாங்கள் இருப்போம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். போன ஆண்டு எனக்கு ஒரு சிறிய அறுவைச் சிகிச்சை நடந்தது, அவனிடம் சொல்லவில்லை. இதை எழுதும்போதுதான் நான் செய்ததும் அதே தவறு என்று உறைக்கிறது. இன்று சொல்லப்போகிறேன்.

கல்மரம்:

அம்மா, உங்களை வருத்தியிருந்தால் மன்னியுங்கள். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

ஆனாலும் எல்லா வீட்டிலும் உங்களைப் போன்ற ஒருவர் இருப்பதில்லை. என் தாய்க்கு இரத்த அழுத்தம் உண்டு. ஒருமுறை சைக்கிளிலிருந்து விழுந்ததைச் சொன்னேன், வெறும் சிராய்ப்புதான். ஒரு வாரம் அவர் சாப்பிடவில்லை. உறவினர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் என்னை அழைத்து “ஏன் அம்மாவைக் கலங்க வைக்கிறாய்?” என்றார்கள். அதற்குப் பிறகுதான் வாயை மூடினேன். அப்போதும் அக்காவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்வேன். அம்மாவிடம் எதை, எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரியும். ஆகவே என் கருத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: வீட்டில் ஒருவருக்காவது முழு உண்மையும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். வாரம் ஒரு அழைப்பு என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

மாலைவெயில்:

இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி. கல்மரம் அண்ணா சொன்ன எதிர் அறைக்காரர் விஷயம் எனக்கும் நடந்தது, ஆனால் அழைப்பைக் குறைத்ததால் மட்டும் எனக்கு நட்பு வந்துவிடவில்லை. அழைப்பைக் குறைத்த நேரத்தில் வெறும் அறையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு உதவியது ஒரு எளிய கணக்கு. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர், புதிய இடத்துக்குக் குடிபெயர்ந்தவர்களிடமும் முதலாம் ஆண்டு மாணவர்களிடமும் நட்பு எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார். வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும், நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கும் மேல். இப்போது கணக்குப் போடுங்கள். ஒருவரோடு வாரம் இரண்டு மணி நேரம் பழகினால் 50 மணி நேரத்துக்கு 25 வாரங்கள் வேண்டும். அக்கா வந்தே பதினோரு வாரம்தான் ஆகிறது! “எனக்கு இன்னும் ஒரு நண்பர்கூட இல்லை, என்னிடம் ஏதோ குறை” என்று நானும் நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன். குறை என்னிடம் இல்லை, மணி நேரம்தான் போதவில்லை.

அதனால் ஒரே ஆள்களை மறுபடி மறுபடி பார்க்கிற இடமாகத் தேடினேன். ஒருநாள் கூத்தாக நடக்கும் வரவேற்பு விருந்துகளுக்குப் போவதை விட்டேன். ஒவ்வொரு செவ்வாயும் மேசைப்பந்து, வகுப்பில் எப்போதும் அதே வரிசை, அதே நாற்காலி. இதற்கும் ஒரு ஆய்வு உண்டு. 1992இல் மோர்லேண்டு, பீச் என்ற இருவர் நான்கு பெண்களை ஒரு பெரிய வகுப்பில் மாணவிகள்போல் உட்கார வைத்தார்கள். ஒருவர் ஒரு நாளும் வரவில்லை, மற்றவர்கள் 5, 10, 15 நாள்கள் வந்தார்கள். யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. பருவ முடிவில் படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிக நாள் வந்தவரைத்தான் மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. பேசக் கூச்சப்படும் என்னைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! தைரியம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், போய் உட்கார்ந்தால் போதும்.

ஓடைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. தாழ்வாரம் அம்மா எழுதியதைப் படித்து வெகுநேரம் அழுதேன். மாலைவெயில் சொன்ன கணக்கைத் தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தூக்கம் முழுவதும் குலைந்துவிட்டது. அம்மாவின் அழைப்பு முடிந்த பிறகு மூன்று மணி வரை பழைய படங்களைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். காலை வகுப்புகள் தவறுகின்றன. எழும்போது மதியம், நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பகல் என்ற ஒன்றையே பார்க்காத நாள்கள் உண்டு.

சாளரம்:

மாணவர் நல ஆலோசனைப் பிரிவு ஒன்றில் பணிபுரிகிறேன். கடைசிப் பதிவுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

வீட்டு ஏக்கம் நம்மைத் தேடி வரும் நேரம் ஒன்று உண்டு. கைக்கும் மனத்துக்கும் வேலை இல்லாத நேரம், அதாவது இரவு. நீங்கள் அதற்கு மூன்று மணி நேரத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டீர்கள். முதல் வேலை, அழைப்பின் நேரத்தை மாற்றுங்கள். உங்களுக்கு மாலையாகவோ காலையாகவோ இருக்கட்டும், அழைப்பு முடிந்ததும் போக வேண்டிய ஓர் இடம் இருக்கட்டும். வகுப்பு, நூலகம், நடை எதுவானாலும் சரி.

இரண்டாவது, வெளிச்சம். குளிர்காலத்தில் பகல் சுருங்கும் நாடுகளில் சிலருக்கு அந்தப் பருவத்தில் மட்டும் மனச்சோர்வு வருவதை மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவர் குழுவினரும் 1984இலேயே விவரித்திருக்கிறார்கள். வெயில் மிகுந்த நாடுகளிலிருந்து வருபவர்கள் இதை அறிவதே இல்லை, எல்லாவற்றையும் வீட்டு ஏக்கத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போய் அரை மணி நேரம் நடங்கள். வானம் மூடியிருந்தாலும் அறை விளக்கைவிட வெளியே வெளிச்சம் பல மடங்கு அதிகம். உடலின் கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது.

மூன்றாவது, எழுதுங்கள். 1990இல் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் குழுவினர் 130 முதலாம் ஆண்டு மாணவர்களில் ஒரு பாதியினரை, கல்லூரிக்கு வந்தது பற்றி மனத்தில் உள்ளதையெல்லாம் மூன்று நாள் எழுதச் சொன்னார்கள். அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைவு. நீங்கள் இங்கே எழுதியதே நல்ல தொடக்கம்.

இவை எல்லாம் ஒரு எல்லை வரைதான். தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு எதிலும் பிடிப்பில்லை, தூக்கமோ பசியோ ஒழுங்கில் இல்லை, படிக்க முடியவில்லை என்றால் உங்கள் பல்கலைக்கழக ஆலோசகரைப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது, உங்கள் அனுமதி இல்லாமல் பெற்றோரிடமோ பேராசிரியரிடமோ பொதுவாகச் சொல்வதும் இல்லை. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தால்கூட இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே அவசர உதவி எண்ணை அழையுங்கள். யார் இதைப் படித்தாலும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பழஞ்சுவடி:

தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பு. பிரிவுகளை வகைப்படுத்தும் இடத்தில் தொல்காப்பியம் “ஓதல் பகையே தூதிவை பிரிவே” என்கிறது. போரையும் தூதையும் வைப்பதற்கு முன் படிப்புக்காகப் பிரிவதை வைக்கிறது. கற்பியலில் அதற்கு ஒரு கெடுவும் உண்டு: “வேண்டிய கல்வி யாண்டுமூன் றிறவாது.” கல்விக்காகப் பிரிபவன் மூன்று ஆண்டுகளைக் கடக்கலாகாது. அங்கே பேசப்படுவது தலைவன் தலைவியைப் பிரிவது, பிள்ளை பெற்றோரைப் பிரிவது அன்று. இருந்தாலும், படிப்புக்காகப் பிரிந்தாலும் காத்திருப்பவருக்கு ஒரு கெடு தெரிய வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்களே, அதுதான் என்னை நிறுத்திவைக்கிறது. அடுத்து எப்போது வருவோம் என்பதை, பயணச்சீட்டு எடுக்க முடியாத நிலையிலும், ஒரு மாதத்தின் பெயராகவாவது வீட்டில் சொல்லிவையுங்கள்.

நெடுவழி:

பழஞ்சுவடி ஐயா, நான் அந்தக் கெடுவைக் கடந்துவிட்டேன். இன்று வீட்டில் ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லப் போகிறேன்.

மறுகரை:

படிப்பை முடித்து வீடு திரும்பி ஓராண்டு ஆகிறது. யாரும் எனக்குச் சொல்லாத ஒன்றை இங்கே பதிந்துவைக்கிறேன். திரும்பிய பிறகும் ஏக்கம் உண்டு. அங்கே என் மேசை, நான் நடந்த பாதை, என்னோடு இரவெல்லாம் ஆய்வகத்தில் விழித்திருந்தவர்கள் எல்லாம் கனவில் வருகிறார்கள். நான் இல்லாத நாள்களில் வீட்டார் தமக்குள் சிரித்த சிரிப்புகளின் காரணம் எனக்குத் தெரியாது. நெடுவழி சொன்ன வளைகோட்டில், வீடு திரும்பிய பின் வரும் இந்த இரண்டாவது பள்ளத்தைப் பற்றி கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதியர் 1963இலேயே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது ஆறு மாதம் நீடித்தது. படிக்கும் காலத்தில் வீட்டாரிடம் என் வாழ்க்கையை உள்ளபடி சொல்லியிருந்தால் இப்போது அதைப் பகிர்ந்துகொள்ள ஒருவர் இருந்திருப்பார். ஐந்து ஆண்டு “நன்றாக இருக்கிறேன்” என்று மட்டும் சொன்னேன். அந்த ஐந்து ஆண்டும் என் வீட்டாருக்கு வெற்றுத்தாள்.

ஓடைக்கரை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லவேண்டியது என் கடமை.

சொல்லிவிட்டேன். முதலில் கேமராவைத் திருப்பி அறையைக் காட்டினேன். “இதுதான் அம்மா, ஒரு மாதமாக இப்படித்தான் கிடக்கிறது” என்றேன். அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்த நீலப் போர்வையை எடுத்து உதறு” என்றார். உதறினேன். “இப்போது மடி.” மடித்தேன். அப்படியே ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல, முக்கால் மணி நேரத்தில் அறை முழுவதையும் இருவரும் சேர்ந்து சுத்தம் செய்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் காய்ச்சலைச் சொன்னேன். அப்பாவின் காலைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அம்மா கைப்பேசியை எடுத்துக்கொண்டுபோய் மாவுக்கட்டைக் காட்டினார். அப்பா கூச்சத்தோடு காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

இப்போது புதனும் ஞாயிறும் மாலையில் விரிவாகப் பேசுகிறோம். மற்ற நாள்களில் ஒரு குரல்பதிவு மட்டும். உடம்புக்கு வந்தால் இரு பக்கமும் அன்றே சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். கல்மரம், உங்கள் யோசனையில் பாதியை எடுத்துக்கொண்டேன். போன ஞாயிறும் அழுதேன், அதையும் மறைக்கவில்லை. ஆலோசகரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். காலை வகுப்பில் மூன்றாவது வரிசை, சன்னலோர நாற்காலி. பக்கத்தில் உட்காருபவரோடு இதுவரை நான்கு மணி நேரம் ஆகியிருக்கிறது.

இன்று புதன். இன்னும் இருபது நிமிடத்தில் அழைப்பு வரும், அதற்குள் இதைப் பதிந்துவிடுகிறேன்.

தாழ்வாரம்:

போய்ப் பேசு மகளே. அப்பாவுக்குக் கட்டு எப்போது பிரிக்கிறார்கள் என்று கேட்டு வந்து சொல்.